மழைக்கால ஃப்ளூ: பிள்ளைகளையும் வீட்டையும் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை பிடித்ததும் தமிழ்நாட்டில் காய்ச்சல் சீசன் தொடங்கிவிடும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் "என் பையனுக்கும் அதே இருமல்தான்" என்று ஒருவர் எழுத, பத்து பேர் பத்து மருந்துப் பெயரைப் போடுவார்கள். அந்தக் குழுக்களிலும் பள்ளி வாசலிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இது பொதுவான தகவல்தான், உங்கள் பிள்ளையை நேரில் பார்க்கும் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஃப்ளூவும் சாதாரணச் சளியும் ஒன்றுதானே?

இல்லை. சளி மெதுவாக வரும்: முதல் நாள் தும்மல், மறுநாள் மூக்கொழுகல், காய்ச்சல் வந்தாலும் லேசாக. ஃப்ளூ திடீரென்று அடிக்கும். காலையில் நன்றாகப் பள்ளிக்குப் போன பிள்ளை சாயங்காலம் 102, 103 டிகிரி காய்ச்சலோடு சுருண்டு படுக்கும். உடம்பு வலி, தலைவலி, வறட்டு இருமல், தொண்டை வலி எல்லாம் சேர்ந்து வரும். சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கூட வரலாம்.

இதற்குக் காரணம் இன்ஃப்ளூயன்சா வைரஸ். ஏ, பி என்ற இரண்டு வகைகள்தான் நம்மிடையே ஆண்டுதோறும் பரவுகின்றன. எச்1என்1, எச்3என்2 என்று ரிப்போர்ட்டில் வருவதெல்லாம் ஏ வகையின் பிரிவுகள். 2009 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்த 'பன்றிக்காய்ச்சல்' வைரஸ் இப்போது வருடாவருடம் வந்து போகும் சீசன் ஃப்ளூக்களில் ஒன்றாகிவிட்டது. ஆகவே ரிப்போர்ட்டில் எச்1என்1 என்று பார்த்த உடனே தெருவையே காலி செய்யவேண்டியதில்லை. பன்றிக்கறி சாப்பிட்டாலும் அது வராது.

மழையில் நனைந்தால் வருமா?

நனைவதால் வராது, வைரஸ் இருந்தால்தான் வரும். ஆனால் மழைக்காலத்தில் வகுப்பு ஜன்னலை மூடுகிறோம், வேனிலும் ஆட்டோவிலும் தார்ப்பாயை இறக்கிவிட்டு பத்துப் பிள்ளைகளை அடைக்கிறோம், மைதானத்துக்கு விடுவதில்லை. ஒருவர் மூச்சை இன்னொருவர் இழுத்தபடியே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். மழை முடிந்தால் நிம்மதி என்றும் இருக்கமுடியாது, ஜனவரி முதல் மார்ச் வரை நாட்டின் பல பகுதிகளில் இன்னொரு அலை வரும். 2023 மார்ச்சில் எச்3என்2 வந்தது அப்படித்தான், சரியாகப் பொதுத்தேர்வு நேரத்தில்.

சிரப் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கிவிட்டது. நாளைக்குப் பரீட்சை. அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பாராசிட்டமால் காய்ச்சலை இறக்கும், வைரஸைத் தொடாது. ஏழு மணிக்கு சிரப் குடித்த பிள்ளை எட்டரை மணிக்குப் பிரார்த்தனைக் கூட்டத்தில் தெம்பாகத்தான் நிற்கும், பதினோரு மணிக்கு மருந்தின் வேகம் குறைந்ததும் பெஞ்சில் தலையைச் சாய்க்கும், அதற்குள் பக்கத்தில் இருக்கும் மூன்று பேருக்கும் வேனில் கூட வந்தவர்களுக்கும் கொடுத்து முடித்திருக்கும். ஃப்ளூ ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான். கைப்பிடியையும் கதவையும் டெட்டாலால் துடைத்துக்கொண்டே, காய்ச்சல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் துடைத்ததற்கு அர்த்தமே இல்லை.

பரீட்சையைப் பற்றி: பருவத் தேர்வுக்கும் அரையாண்டுக்கும் தலைமையாசிரியரிடம் பேசினால் பெரும்பாலும் வழி பிறக்கும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வு மட்டும் உண்மையிலேயே சிக்கல். அப்போது முன்கூட்டியே பள்ளிக்குச் சொல்லி, மாஸ்க் போட்டு, தனி இடம் கிடைக்குமா என்று கேட்டு, தேர்வு முடிந்ததும் நேரே வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். ஆறாம் வகுப்பு மாதத் தேர்வுக்கு இந்தச் சலுகை கிடையாது.

அப்படியென்றால் எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது?

மருந்தே கொடுக்காமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும், பிள்ளையும் தெளிந்து சாப்பிடவேண்டும். அதற்குப் பிறகு அனுப்பலாம். வழக்கமாக நாலைந்து நாளாகும்.

வைரஸ் உடம்பில் நுழைந்து ஒன்று முதல் நான்கு நாளில் காய்ச்சல் வரும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும், அதன் பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும், சின்னப் பிள்ளைகளிடம் இன்னும் சில நாள் கூட நீளலாம். முதல் மூன்று நாள்தான் மிக மோசம்.

இருமல் மட்டும் போகமாட்டேன் என்கிறதா? அது மூன்று வாரம் வரைகூட நீடிக்கும் என்று 2023-லேயே இந்திய மருத்துவ சங்கம் சொல்லியிருந்தது. இருமல் முழுசாக நிற்கும்வரை வீட்டில் வைத்திருக்கவேண்டியதில்லை, சில நாள் மாஸ்க் போட்டு அனுப்புங்கள்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். லீவு போட்டால் சம்பளம் போய்விடும். வேறு என்ன செய்வது?

நியாயமான கேள்வி, இதற்கு அழகான பதில் என்னிடம் இல்லை. "பிள்ளையை வீட்டில் வையுங்கள்" என்று சொல்வது சுலபம். தினக்கூலிக்குப் போகும் அம்மாவுக்கு அது அன்றைய வருமானம். அரசுப் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் சாப்பிடும் பிள்ளைக்கு அது இரண்டு வேளைச் சாப்பாடு.

நடைமுறையில் சிலது: அப்பா ஒரு நாள், அம்மா ஒரு நாள் என்று முறை போட்டுக்கொள்ளுங்கள், அம்மா மட்டுமே லீவு போடவேண்டும் என்று எங்கேயும் எழுதியில்லை. மழைக்காலம் வரும் முன்பே "உன் பிள்ளைக்கு வந்தால் நான், என் பிள்ளைக்கு வந்தால் நீ" என்று அக்கம்பக்கத்தில் ஒருவரோடு பேசி வைக்கலாம், ஏற்கெனவே ஃப்ளூ வந்து தேறியவர் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. வழக்கமாக நாம் ஓடுவது தாத்தா பாட்டியிடம்தான். ஆனால் 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்குத்தான் ஃப்ளூ நிமோனியாவாக மாறும் ஆபத்து அதிகம். வேறு வழியே இல்லையென்றால் பாட்டியும் பிள்ளையும் மாஸ்க் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, ஒரே பாயில் படுக்காமலாவது இருக்கட்டும்.

பள்ளி என்ன செய்யவேண்டும்?

முதல் வேலையாக அந்த 'நூறு சதவீத வருகை' சான்றிதழை நிறுத்தவேண்டும். காய்ச்சலோடு வந்தவனுக்கு மேடையில் கைதட்டு, வீட்டில் இருந்தவனுக்கு லீவ் லெட்டர், டாக்டர் சர்ட்டிஃபிகேட், ஆசிரியரின் முறைப்பு. பிறகு எப்படி யாராவது வீட்டில் இருப்பார்கள்? ஃப்ளூ சீசனில் மூன்று நாள் விடுப்புக்கு மருத்துவச் சான்று கேட்பதும் அப்படித்தான், அந்தச் சான்றுக்காகவே கிளினிக் வரிசையில் இன்னும் பத்துப் பேரோடு உட்காரவேண்டியிருக்கிறது.

அடுத்தது காற்று. மழை பெய்தாலும் சாரல் அடிக்காத பக்க ஜன்னல்களைத் திறந்து வைக்கலாம், ஏசி வகுப்பறைகள் இடைவேளையிலாவது கதவைத் திறக்கட்டும். கழிப்பறையிலும் சாப்பிடும் இடத்திலும் குழாயில் தண்ணீரும் பக்கத்தில் சோப்பும் இருக்கவேண்டும். சோப்பு இல்லாத பள்ளியில் கை கழுவும் தினம் கொண்டாடி என்ன பயன்! வகுப்பு நேரத்தில் காய்ச்சல் வந்த பிள்ளை உட்கார ஒரு தனி இடமும், வீட்டுக்குத் தகவல் சொல்ல எடுக்கும் ஒரு போன் நம்பரும் வேண்டும். ஒரே வகுப்பில் சட்டென்று பலருக்குக் காய்ச்சல் என்றால் தலைமையாசிரியர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லலாம், மருத்துவக் குழு வந்து பார்க்கும். இதையெல்லாம் கேட்கப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம்தான் சரியான இடம், அங்கே பெற்றோர்தான் பெரும்பான்மை.

பேசாமல் எல்லாப் பள்ளிக்கும் லீவு விட்டுவிடலாமே?

புதுச்சேரியில் அப்படிச் செய்தார்கள். 2023-ல் மார்ச் 16 முதல் 26 வரை ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை விடுமுறை விட்டார்கள். அதே நேரம் தமிழ்நாட்டில் பள்ளிகளை மூடவில்லை, காய்ச்சல் முகாம்களை நடத்தினார்கள். என்னைக் கேட்டால் மூடுவது கடைசி ஆயுதம். பள்ளி மூடினால் பிள்ளைகள் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதில்லை, டியூஷனிலும் தெருவிலும் பாட்டி வீட்டிலும் கூடுகிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள், ஆசிரியர்களும் வரவில்லை என்றால் அந்த வகுப்பை மட்டும் சில நாள் நிறுத்துவதில் அர்த்தம் இருக்கிறது.

மாஸ்க், சானிட்டைசர் எல்லாம் திரும்பவும் வேண்டுமா?

கொரோனாவோடு அதெல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம், ஆனால் ஃப்ளூவுக்கும் மாஸ்க் வேலை செய்யும். இருமுகிறவர் போட்டால் பலன் கூட. கூட்டமான பஸ், மருத்துவமனை வரிசை, வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் நேரம் ஆகியவற்றுக்குப் போட்டால் போதும். இரண்டு வயதுக்குக் கீழே மாஸ்க் போடக்கூடாது, மூச்சு முட்டும். கைக்குச் சோப்பும் தண்ணீருமே போதும். வெளியில் இருக்கும்போது 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள சானிட்டைசர் சரி. இருமும்போது உள்ளங்கையைப் பொத்தாமல் முழங்கை மடிப்பில் இருமச் சொல்லிக்கொடுங்கள், எல்கேஜி பிள்ளைகள் பெரியவர்களைவிட இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். தண்ணீர் பாட்டிலை வாய் வைத்துக் குடித்துவிட்டு நண்பனுக்குக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவே முடியவில்லை, இருந்தாலும் சொல்லிக்கொண்டே இருங்கள்.

எங்களுக்கு ஒரே அறைதான். தனிமைப்படுத்து என்றால் எங்கே போவது?

அறை ஒன்றாக இருந்தாலும் மூலையைப் பிரிக்கலாம். நோயாளியை ஜன்னல் பக்கம் படுக்க வையுங்கள், மற்றவர்கள் ஆறடி தள்ளி, தலைமாடு கால்மாடு மாற்றிப் படுங்கள். மின்விசிறிக் காற்று நோயாளியிடமிருந்து மற்றவர்கள் பக்கம் அடிக்காமல் ஜன்னல் பக்கம் போகட்டும். டம்ளர், துண்டு, கர்சீஃப் தனி. கவனிப்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும், அந்த ஆள் கர்ப்பிணியாக இல்லாமல் இருந்தால் நல்லது.

பாராசிட்டமால் எவ்வளவு கொடுப்பது?

வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி. அதாவது 15 கிலோ பிள்ளைக்கு 150 முதல் 225 மி.கி. வரை. ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம்.

பெரும்பாலான குழப்பம் பாட்டிலில்தான் இருக்கிறது. ஒரு சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. இருக்கும், அதே கம்பெனியின் இன்னொன்றில் அதே 5 மி.லி.க்கு 250 மி.கி. இருக்கும். சொட்டு மருந்தோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. "போன தடவை அரை மூடி கொடுத்தேன்" என்று நினைவை வைத்து ஊற்றாதீர்கள், லேபிளைப் பாருங்கள், கூடவே வரும் அளவுக் குப்பியில் ஊற்றுங்கள். சளி சிரப் சிலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மீறிவிடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமே வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள். ஆஸ்பிரின் எந்தப் பிள்ளைக்கும் ஃப்ளூ நேரத்தில் கூடாது, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் சிண்ட்ரோம் வரும் ஆபத்து உண்டு.

மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக்கும் இருமல் சிரப்பும் தருகிறார்களே?

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு, ஃப்ளூ வைரஸ். வேலை செய்யாத மருந்துக்குக் காசு, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, நாளைக்கு உண்மையிலேயே தேவைப்படும்போது மருந்து கேட்காத நிலைமை. "ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர்" என்று நாமே கேட்பதையும் நிறுத்தவேண்டும்.

இருமல் சிரப் விஷயத்தில் இன்னும் கறாராகவே இருங்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள், அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுப்பொருள் கலந்திருந்தது. அதையடுத்து மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகளே தரக்கூடாது, ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அறிவுறுத்தியது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவில் ஒரு ஸ்பூன் தேன் போதும். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது.

அப்போது ஃப்ளூவுக்கென்று மருந்தே இல்லையா?

இருக்கிறது, ஓசல்டாமிவிர். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாக வேலை செய்யும். மருத்துவர் எழுதிக்கொடுத்தால்தான் வாங்கவேண்டும், ஐந்து நாள் கோர்ஸ், சிலருக்கு வாந்தி வரும். எல்லாருக்கும் தேவையில்லை. அரசு வழிகாட்டுதலில் நோயாளிகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். லேசான காய்ச்சல், இருமல் மட்டும் என்றால் ஏ பிரிவு: வீட்டில் ஓய்வு, பரிசோதனையும் வேண்டாம், ஓசல்டாமிவிரும் வேண்டாம். காய்ச்சல் அதிகம், அல்லது ஐந்து வயதுக்குக் கீழ், கர்ப்பிணி, முதியவர், நாள்பட்ட நோயாளி என்றால் பி பிரிவு: மருத்துவர் பார்த்து மருந்தை முடிவு செய்வார். மூச்சுத்திணறல் போன்ற ஆபத்துக்குறி இருந்தால் சி: பரிசோதனை, உடனே மருத்துவமனையில் சேர்க்கை. தனியார் லேபில் ஆயிரக்கணக்கில் செலவு செய்து எந்த வைரஸ் என்று தெரிந்துகொள்வதால் ஏ பிரிவுப் பிள்ளையின் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை.

டெங்குவாக இருந்தால்?

நம் ஊரில் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி, இரண்டும் ஒரே மழையில்தான் வருகின்றன. இருமல், மூக்கொழுகல், தொண்டை வலி முன்னால் நின்றால் ஃப்ளூ பக்கம். சளியே இல்லாமல் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, வாந்தி, உடம்பில் தடிப்பு என்றால் டெங்குவைச் சந்தேகிக்கவேண்டும். வீட்டில் உட்கார்ந்து உறுதியாகப் பிரிக்கமுடியாது. அதனால் இரண்டு விதிகள்: ரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட் போன்ற காய்ச்சல், வலி மருந்துகளைக் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவை அதிகமாக்கும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் "சரியாகிவிட்டது" என்று கவனத்தை விடாதீர்கள், டெங்குவில் ஆபத்தான கட்டம் அப்போதுதான் ஆரம்பிக்கும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, கை கால் சில்லிடுதல், ஈறில் ரத்தம் என்றால் உடனே கிளம்புங்கள்.

எப்போது மருத்துவமனைக்கு ஓடவேண்டும்?

மூச்சைக் கவனியுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையை எட்டினாலோ தாண்டினாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி உள்ளே போனாலோ காத்திருக்கக்கூடாது. உதடு நீலம் பாய்வது, எழுப்பினாலும் சோர்ந்து தூங்குவது, பால் குடிக்க மறுப்பது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, கெண்டைக்கால் வலியால் நடக்க மறுப்பது, எல்லாமே ஆபத்துக்குறி. கொரோனா காலத்து ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடந்தால் பேட்டரி மாற்றி எடுத்து வையுங்கள், ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் கிளம்பவேண்டும். இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி காய்ச்சல் ஏறினாலும் காட்டுங்கள், நிமோனியா அப்படி வரும்.

ஆம்புலன்ஸ் 108. சந்தேகம் கேட்க 104.

காய்ச்சலில் வலிப்பு வந்தால்?

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில பிள்ளைகளுக்கு வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நிமிடத்தில் நின்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் ஸ்பூனோ தண்ணீரோ வைக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

நிலவேம்பு, கஷாயம், ஆவி பிடிப்பது?

மிளகு ரசம், கஞ்சி, இளநீர் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள், நீர்ச்சத்து போகாமல் இருப்பதுதான் பாதி வைத்தியம். நிலவேம்புக் குடிநீர் குடித்துவிட்டதால் பள்ளிக்கு அனுப்பலாம், தடுப்பூசி தேவையில்லை என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். ஆவி பிடிப்பது பிள்ளைகளுக்கு வேண்டாம், கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் தீக்காயப் பிரிவுக்கு வருவதுண்டு. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்.

ஃப்ளூ தடுப்பூசி போடலாமா?

போடலாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுக்கொரு முறை போடச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். ஆஸ்துமா, இதயக் கோளாறு போன்றவை இருந்தால் ஐந்து வயதுக்குப் பிறகும் தொடரவேண்டும். ஒன்பது வயதுக்குக் கீழே முதல்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருட ஊசி இந்த வருடத்துக்கு ஆகாது. ஊசி போட்டாலும் ஃப்ளூ வரலாம், ஆனால் ஐசியு வரை போகும் வாய்ப்பு குறையும். பலன் தர இரண்டு வாரம் ஆகும், ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது. வகுப்பில் நாலு பேருக்கு வந்த பிறகு ஓடுவது தாமதம்தான், இருந்தாலும் வீண் அல்ல.

குறை என்னவென்றால், குழந்தைகளுக்கான அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, தனியாரில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். பணம் ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றால் வீட்டில் யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்குப் போடுங்கள். கர்ப்பிணிக்குப் போட்டால் பிறக்கும் குழந்தைக்கும் முதல் சில மாதங்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கும்.

எனக்கே ஃப்ளூ. தாய்ப்பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், நிறுத்தக்கூடாது. பாலில் வைரஸ் போவதில்லை, நோய் எதிர்ப்புப் பொருள்தான் போகிறது. கை கழுவி, மாஸ்க் போட்டுக் கொடுங்கள்.

தேறிவிட்டான். விளையாட்டுக்கு எப்போது அனுப்பலாம்?

வகுப்புக்குப் போகலாம் என்பதற்காக அன்றே கபடிக்கும் இறங்கவேண்டாம். ஃப்ளூ போன பிறகும் ஒரு வாரம், பத்து நாள் அசதி இருக்கும். முதலில் நடக்கட்டும், படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள், பிறகு மெல்ல ஓட்டம். நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம் என்று சொன்னால் விளையாட்டை நிறுத்தி இதயத்தைப் பரிசோதிக்கவேண்டும், அபூர்வமாக ஃப்ளூ இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். மற்றபடி பி.டி. ஆசிரியருக்கு ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், ஒரு வாரம் ஓரமாக உட்கார வைத்துக்கொள்வார்.